பின்னம் வர்ற சமன்பாடு: ஒரே கணக்குக்கு வீட்டுல மூணு விடை, யாரு எங்க தப்பு பண்ணோம்?

காரைக்குடி_பலகாரம்:

வணக்கம். சின்னக் கேள்வியா இருந்தா கோச்சுக்காதீங்க. நான் வீட்டுலயே பலகாரம் போட்டு விக்கிறவ, சீப்புச்சீடை மனகோலம் அதிரசம் இந்த மாதிரி. மக எட்டாவது படிக்குது, தமிழ் மீடியம். நான் பத்தாவதோட நின்னுட்டேன், ஆனா அப்ப கணக்குல 80க்குக் குறைய வாங்குனதில்ல, அந்தத் தைரியத்துல நேத்து ராத்திரி சீடைக்கு மாவு பெசஞ்சு வச்சுட்டு அதுகூட உக்காந்தேன், உக்காந்ததுதான் வெனையாப் போச்சு.

கணக்கு இதுதான் (போன்ல இங்கிலீஷ் எழுத்துக்கு மாத்தி மாத்தி அடிக்க வரல, அதனால எக்ஸுக்குப் பதிலா மாறிங்கிறதுக்கு ‘ம’ன்னு போட்டுக்கிறேன்):

(ம + 1)/2 − (ம − 2)/3 = 4

நான் போட்டா 5 வருது. மக போட்டா 25. சரி படிச்ச மனுசன்கிட்ட கேப்போம்னு சிங்கப்பூர்ல இருக்க எங்க வீட்டுக்காரருக்கு வீடியோ கால் போட்டா, அவரு ஏதோ கவர் பின்னாடி கிறுக்கிட்டு −3ங்குறாரு, அதுவும் அடிச்சுச் சொல்றாரு. புத்தகத்துல பின்பக்கம் பாத்தா 17. இதுல எது சரி, மத்ததுல எங்க தப்பு?

அப்புறம் மக கேட்ட இன்னொரு கேள்விக்கு எனக்குப் பதில் தெரியல. முன்னாடி ஒரு பரீட்சையில ‘சுருக்குக: ம/2 + ம/3’ன்னு வந்துச்சாம். இவ ரெண்டையும் 6 ஆல பெருக்கி 3ம + 2ம = 5மன்னு எழுதி மார்க் போச்சு. இப்ப இந்தப் பாடத்துல அதே 6 ஆல பெருக்குங்குறாங்க. ‘அங்க பெருக்குனா தப்பு, இங்க பெருக்குனா சரியாம்மா? பெருக்குனா ம மாறிடாதா?’ன்னு கேக்குது. மாறாதுன்னு சொல்லிட்டேன், ஏன்னு கேட்டுச்சு, எண்ணெய் காயுதுன்னு எந்திரிச்சு வந்துட்டேன்.


கொத்தமங்கலம்_பையன்:

அக்கா இது ரொம்ப ஈஸி, குறுக்குப் பெருக்கல்தான். மேல உள்ளத கீழ உள்ளதோட குறுக்கப் பெருக்குனா 3(ம + 1) − 2(ம − 2) = 4 வரும், பிரிச்சா 3ம + 3 − 2ம + 4 = 4, அதாவது ம + 7 = 4, ம = −3. அண்ணன் சொன்னதுதான் கரெக்ட். புக்குல பின்னாடி பிரிண்டிங் மிஸ்டேக்கா இருக்கும், எங்க இன்ஜினியரிங் புக்குலயே நிறைய இருக்கு.


தேவகோட்டை_டீச்சர்:

தம்பி, புத்தகம் தப்புன்னு சொல்றதுக்கு முன்னாடி −3ஐ ஒரு தடவை கணக்குக்குள்ள போட்டுப் பாத்திருக்கலாம்ல? (−3 + 1)/2 வந்து −1. (−3 − 2)/3 வந்து −5/3. −1லேருந்து −5/3 கழிச்சா 2/3 வருது. கேட்டது 4. இப்ப 17ஐப் போடுங்க. 18/2 = 9, 15/3 = 5, ஒம்போதுல அஞ்சு போனா 4. புத்தகம் சரிதான்.

நான் இந்தப் பாடத்த வருசா வருசம் ட்யூஷன்ல எடுக்குறேன், அதனால அக்கா, நீங்க மூணு பேரும் எழுதுன தாளப் பாக்காமலே யாரு எங்க விட்டீங்கன்னு சொல்லிடுறேன், சரியான்னு நீங்களே சரிபாருங்க. மொதல்ல சரியான வழி. பகுதி, அதாவது பின்னத்துல கீழ இருக்க எண்ணு, 2, 3. ரெண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம, ரெண்டாலயும் மீதியில்லாம வகுபடுற ஆகச் சின்ன எண்ணு) 6. ஒவ்வொரு உறுப்பையும் 6 ஆல பெருக்கணும், அந்த ‘ஒவ்வொரு’ங்கிறதுலதான் எல்லாம் இருக்கு:

3(ம + 1) − 2(ம − 2) = 24
3ம + 3 − 2ம + 4 = 24
ம + 7 = 24
ம = 17

உங்க வீட்டுக்காரரும் நம்ம கொத்தமங்கலம் தம்பியும் இடது பக்கத்த மட்டும் 6 ஆல பெருக்கிட்டு வலது பக்கத்து 4ஐ அப்படியே விட்டுட்டாங்க. ம + 7 = 4, அதான் −3. உங்க மக 4ஐ ஒழுங்கா 24 ஆக்கிருச்சு, ஆனா −2ஐ உள்ள இருக்க −2ஓட பெருக்குறப்ப +4 போடாம −4 போட்டுருச்சு, ம − 1 = 24, அதான் 25. நீங்க, மன்னிச்சுக்கங்க, ரெண்டு தப்பையும் சேத்துப் பண்ணிருக்கீங்க. ம − 1 = 4, விடை 5.

இதுல மக பண்ணுன தப்புதான் ஆழமான தப்பு, நல்லாப் படிக்கிற புள்ளைங்களும் அதுலதான் விழும். ஏன்னா பின்னம் எழுதுறப்ப போடுற அந்தப் படுக்கைக் கோடே ஒரு அடைப்புக்குறி மாதிரி வேல செய்யுது. (ம − 2)/3ன்னு நோட்டுல எழுதுறப்ப யாரும் அடைப்பு போடுறதில்ல, கோட்டுக்கு மேல ம − 2ன்னு எழுதிட்டுப் போயிடுறோம், மேல இருக்க ரெண்டையும் கோடு ஒண்ணாக் கட்டி வச்சிருக்கு. பகுதிய நீக்குனதும் கோடு போயிருது, கட்டு அவுந்துருது, முன்னாடி நிக்கிற கழித்தல் குறி மொத ஆளுக்கு மட்டும்தான்னு புள்ளைங்க நெனச்சுக்குதுங்க. அதனால நான் சொல்ற ஒரே கட்டுப்பாடு, பெருக்குறதுக்கு முன்னாடி, 6ன்னு ஒரு எண்ணக்கூட எழுதுறதுக்கு முன்னாடி, ரெண்டு உறுப்பு இருக்க ஒவ்வொரு தொகுதிக்கும் அடைப்பு போடச் சொல்லுங்க. வலது பக்கத்து 4 மறந்து போகுதுன்னா அத 4/1ன்னு எழுதச் சொல்லுங்க, கீழ ஒரு எண்ணு இருந்தா கை தானாப் பெருக்கும்.

குறுக்குப் பெருக்கல் தப்பு இல்ல தம்பி. ஆனா அது இந்தப் பக்கம் ஒரே பின்னம் அந்தப் பக்கம் ஒரே பின்னம்னு இருந்தாத்தான். இங்க இடது பக்கம் ரெண்டு இருக்கு. ஒண்ணாச் சேத்து (ம + 7)/6 = 4/1ன்னு ஆக்கிட்டு அப்புறம் குறுக்கப் பெருக்கிருந்தா 24 தானா வந்திருக்கும்.

‘ம மாறிடாதா’க்கு ராத்திரி வந்து எழுதுறேன், ட்யூஷன் புள்ளைங்க வந்துட்டாங்க.


கண்டனூர்_ஐயா:

டீச்சர் வர்றதுக்குள்ள அந்த ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன். நாற்பது வருசம் கடைக்கணக்கு எழுதுன கை, இந்த மாதிரி கேள்வியப் பாத்தா சும்மா இருக்காது.

ஆத்தா, நீ பலகாரம் போடுறவ, உனக்கு இது தராசு படம் எல்லாம் போட்டு வெளக்க வேண்டியதில்ல. படி தெரியும்ல? ஒரு படிக்கு ரெண்டு உரி, நாலு உழக்கு, எட்டு ஆழாக்கு. இப்ப அரைப் படி அரிசியும் கால் படி அரிசியும் ஒரு பாத்திரத்துல கொட்டுற. எவ்வளவுன்னு கேட்டா முக்காப் படி. அதையே ஆழாக்குல கேட்டா நாலும் ரெண்டும் ஆறு ஆழாக்கு. முக்கால் எங்க, ஆறு எங்க. எட்டு மடங்காயிருச்சு. ஆனா பாத்திரத்துல ஒரு அரிசி மணி கூடுச்சா? கூடல. அளக்குற சாமானத்தச் சின்னதாக்கிட்டோம், அதனால எண்ணு பெருசாயிருச்சு, பின்னமும் காணாமப் போயிருச்சு. நீங்க 6 ஆல பெருக்குறதும் 12 ஆல பெருக்குறதும் இதேதான், படியில சொல்றத நிறுத்திட்டு ஆழாக்குல சொல்லு அப்படிங்கிறதுதான்.

பரீட்சையில ஏன் மார்க் போச்சுன்னு இப்ப பாரு. அங்க சமன்பாடே இல்ல, ‘பாத்திரத்துல எவ்வளவு இருக்கு’ன்னு மட்டும் கேட்டாங்க. உன் மக ஆழாக்குல அளந்து ஆறுன்னு சொல்லிட்டு ‘ஆழாக்கு’ங்கிற வார்த்தைய முழுங்கிருச்சு. கேட்டவன் ஆறு படின்னு நெனச்சுக்குவான். அதுதான் 5ம. 5ம/6ன்னு எழுதிருந்தா, அந்தக் கீழ இருக்க 6தான் ‘ஆழாக்கு’ங்கிற வார்த்தை, சரியாயிருக்கும். சமன்பாட்டுல என்னன்னா, ரெண்டு பாத்திரம், ரெண்டும் ஒரே அளவுன்னு முன்னாடியே சொல்லிட்டான். அதையும் ஆழாக்குல அள, இதையும் ஆழாக்குல அள, ரெண்டு பக்கமும் ஒரே சாமானம், அதனால பேரச் சொல்லாம விட்டாலும் பாதகமில்ல. ஒரு பக்கத்த மட்டும் ஆழாக்குல அளந்து இன்னொரு பக்கத்தப் படியிலயே விட்டா என்ன ஆகும்? உன் வீட்டுக்காரர் கணக்கு ஆகும்.

நம்பலன்னா இதப் போட்டுப் பாக்கச் சொல்லு. ஒரு டப்பாவுல உளுந்து இருக்கு. பாதிய வெள்ளைப் பணியாரத்துக்கு எடுத்தாச்சு, எட்டுல ஒரு பங்க கும்மாயத்துக்கு எடுத்தாச்சு, மிச்சம் 3 ஆழாக்கு. டப்பாவுல மொத்தம் எத்தன ஆழாக்கு?

ம/2 + ம/8 + 3 = ம

8 ஆல பெருக்குனா 4ம + ம + 24 = 8ம, அப்ப 3ம = 24, ம = 8. சரியா ஒரு படி. அந்த 3ஐப் பெருக்காம விட்டா 5ம + 3 = 8ம, ம = 1. டப்பாவே ஒரு ஆழாக்கு, அதுல செலவு போக மிச்சம் மட்டும் மூணு ஆழாக்காம். அப்படி ஒரு டப்பா கெடைச்சா நானும் ஒண்ணு வாங்கிக்கிறேன்.

(வெள்ளைப் பணியாரத்துக்கு நெசத்துல உளுந்து அளக்குறது வேற கத. உழக்குல பச்சரிசியத் தலை தட்டி அது மேல உளுந்தக் கோபுரமாக் குமிக்கணும்னு எங்க அப்பத்தா சொல்லும். அந்தக் கோபுரம் எத்தனைல எத்தன பங்குன்னு எந்த வாய்பாட்டுலயும் கெடையாது.)

இந்தச் சின்ன சாமானத்துல அளக்குற புத்தி நம்ம பழைய ஆளுகளுக்கு நல்லா இருந்துச்சு. முழு எண்ணுக்கு மேல்வாய், பின்னத்துக்குக் கீழ்வாய்னு பேரு. கீழ்வாயில முந்திரின்னா 320ல ஒரு பங்கு. அப்ப கால்னா 80 முந்திரி, அரைக்கால் 40, மாகாணி 20, ஒரு மா 16, காணி 4. எல்லாம் முழுசா வந்து உக்காரும். பதினாறுல ஒண்ணையும் (மாகாணி) இருபதுல ஒண்ணையும் (மா) கூட்டணும்னா தாளு வேணாம், இருபதும் பதினாறும் முப்பத்தாறு முந்திரி, முடிஞ்சுது. எங்க ஐயா திண்ணையில உக்காந்து வாயாலயே கூட்டுவாக. ஒரு குறை, மூணுல ஒண்ணு அதுல வராது, 320ஐ மூணால வகுக்க முடியாதுல்ல. ரூவாயில அந்தக் குறை இல்ல, 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி, ஆக 192 தம்பிடி, மூணு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு 64. 1957ல நயா பைசா வந்ததும் அதுவும் போச்சு, 100ஐ மூணாப் பிரிச்சா ஒரு பைசா தெருவுல நிக்கும்.


காரைக்குடி_பலகாரம்:

ஐயா, டீச்சர், ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஆழாக்குன்னதும் எனக்கே பளிச்சுன்னு ஆயிருச்சு, மகளுக்குப் படி ஆழாக்கு எல்லாம் சரியாத் தெரியல, டம்ளர்லயும் கிராம்லயும்தான் வளந்தது, பரண்ல கெடந்த பழைய பித்தளப் படியையும் ஆழாக்கையும் எறக்கி அரிசிய அளந்து காட்டுனேன். ‘அப்ப நான் எழுதுனது தப்பில்ல, பேரச் சொல்லாம விட்டதுதான் தப்பு’ங்குது. அந்த மார்க்க இனிமே யாரு குடுப்பா.

நோட்ட எடுத்துப் பாத்தேன், டீச்சர் சொன்ன அதே எடத்துலதான் மூணு தப்பும். இன்னும் ஒரு கணக்குல சந்தேகம். (3/4)(ம − 8) = 9. இதுல மக 4 ஆல பெருக்குறப்ப அடைப்புக்குள்ளயும் பெருக்கி 3(4ம − 32) = 36ன்னு எழுதிருக்கு. விடை 11 வருது, ஆனா போட்டுப் பாத்தா ஒத்து வரல. ஒவ்வொண்ணையும் பெருக்கணும்னுதானே சொன்னீங்க?


கொத்தமங்கலம்_பையன்:

டீச்சர் சாரி, நான் போட்டுப் பாக்கல, ஒத்துக்கிறேன். பிரிண்டிங் மிஸ்டேக் என்னோடது.

அக்கா இந்தக் கணக்குல நான் கரெக்டாச் சொல்லிடுறேன், இந்தத் தடவ போட்டுப் பாத்துட்டுத்தான் எழுதுறேன். ஒவ்வொரு உறுப்பையும்னுதான் டீச்சர் சொன்னாங்க. இங்க இடது பக்கம் மொத்தமும் ஒரே உறுப்பு, 3/4ஐயும் அடைப்பையும் பெருக்கி வச்சிருக்காங்க, கூட்டல. 4 ஆல ஒரு தடவ பெருக்குனா போதும், அது 3/4க்குப் போயிருச்சுன்னா அடைப்புக்குள்ள மறுபடி போகக் கூடாது, போனா 16 ஆல பெருக்குன மாதிரி ஆயிரும். 3(ம − 8) = 36, ம − 8 = 12, ம = 20. செக்: 12ல முக்கால் 9. ஓகே.

ஆனா எனக்கு இதுல 4 ஆல பெருக்குறதே சுத்து வழியாத் தெரியுது. எதோட முக்கால் 9? பன்னெண்டு. அப்ப ம − 8 = 12. ஒரே வரி. எல்லாத்துக்கும் மீ.சி.ம மீ.சி.மன்னு ஓட வேணாம், மொதல்ல கணக்க ஒரு நிமிசம் பாக்கணும்னு நெனக்கிறேன்.

அப்புறம் தசமம் வந்தாலும் இதே ஐடியாதான், 0.25ம + 1.5 = 4ன்னு வந்தா ரூவாய பைசா ஆக்குற மாதிரி எல்லாத்தையும் 100 ஆல பெருக்கிருங்க, 25ம + 150 = 400, ம = 10.


தேவகோட்டை_டீச்சர்:

தம்பி இந்தத் தடவ நல்லாச் சொன்னீங்க, முக்கால் கணக்குல உங்க வழிதான் அழகு. ஆனாலும் எட்டாவது புள்ளைக்கு நான் மொதல்ல மீ.சி.ம வழியத்தான் பழக்குவேன், அது எல்லாக் கணக்குக்கும் போகும், பாத்தவொடனே பன்னெண்டுன்னு தோணாத அன்னைக்கும் கை குடுக்கும். கை பழகுனப்புறம் கண்ணு தானாப் பாக்கும். இதுல நம்ம ரெண்டு பேருக்கும் ஒத்து வராதுன்னு நெனக்கிறேன், பரவால்ல.

மீ.சி.மவே வேணும்னு இல்லங்கிறதையும் சொல்லிடுறேன், புள்ளைங்க அதுல பயந்துக்குதுங்க. பகுதி 4, 6 இருந்தா 12 வேணும், ஆனா அவசரத்துல 24 ஆல பெருக்கிட்டாலும் விடை மாறாது, எண்ணுதான் பெருசா இருக்கும். ஐயா பாஷையில ஆழாக்கு போதும்ங்கிற எடத்துல இன்னும் சின்ன கரண்டிய எடுத்துட்டோம், அவ்வளவுதான்.

பகுதியிலயே ம வந்தா மட்டும் ஒரு எச்சரிக்கை. 3/ம + 1/2 = 2 மாதிரி. 2ம ஆல பெருக்குனா 6 + ம = 4ம, ம = 2. ஆனா பூச்சியத்தால வகுக்க முடியாதுங்கிறதால, ம பூச்சியமா இருக்க முடியாதுன்னு மொதல்லயே ஓரத்துல எழுதி வச்சுக்கணும். விடையா வந்த எண்ணு பகுதியப் பூச்சியமாக்குச்சுன்னா அத விடைன்னு எழுதக் கூடாது.

மகளுக்கு ஒரு கணக்கு குடுக்குறேன். 1150 வாக்குல பாஸ்கராச்சாரியார் எழுதுன லீலாவதியில வர்றது, கணக்குதான் அவரோடது, வார்த்தை என்னுது. ஒரு வண்டுக் கூட்டத்துல அஞ்சுல ஒரு பங்கு கடம்பம் பூவுக்குப் போச்சு. மூணுல ஒரு பங்கு இன்னொரு பூவுக்கு. இந்த ரெண்டு பங்குக்கும் உள்ள வித்தியாசத்தப் போல மூணு மடங்கு வெட்பாலப் பூவுக்கு. மிச்சம் ஒரே ஒரு வண்டு எங்க போறதுன்னு தெரியாம நடுவுல சுத்துது. மொத்தம் எத்தன? சமன்பாடு ம/5 + ம/3 + 3(ம/3 − ம/5) + 1 = ம. அடைப்பு இருக்கு, பின்னம் இருக்கு, பகுதி இல்லாத 1 இருக்கு, நாம பேசுன எல்லாப் பள்ளமும் ஒரே கணக்குல இருக்கு.


கண்டனூர்_ஐயா:

அந்த ஒத்த வண்ட மறந்துடாம பெருக்கச் சொல்லு ஆத்தா.


காரைக்குடி_பலகாரம்:

போட்டாச்சு. 15 ஆல பெருக்கி 3ம + 5ம + 3(5ம − 3ம) + 15 = 15ம, 14ம + 15 = 15ம, ம = 15. கேக்காமலே சரிபாத்துருச்சு, 3ம் 5ம் 6ம் 1ம் பதினஞ்சு. முக்கால் கணக்கையும் திருப்பிப் போட்டு 20 வந்துருச்சு, அது தம்பி வழியிலதான் போட்டுச்சு, டீச்சர் கோச்சுக்க வேணாம்.

அப்பாவையும் விடல. வீடியோ கால்ல வண்டுக் கணக்கக் குடுத்துச்சு, அவரு திரும்பவும் ஒரு கவரத் தேடி எடுத்து ரொம்ப நேரம் போட்டுட்டு மொத்தமே 1 வண்டுன்னாரு. ‘ஒரு வண்டுல அஞ்சுல ஒரு பங்கு எப்டிப்பா தனியாப் பறந்து போகும்’னு இது கேட்டுச்சு. சிக்னல் சரியில்லன்னு கட் பண்ணிட்டாரு.